டாஸ் காரின் இடது டெயில் லைட்: மீட்டரின் ‘பீப்’பை நம்பாதீர்கள்

பிரேக்கை மிதித்தால் வலது பக்கம் பளிச்சென்று சிவப்பு வரும். இடது பக்கம் அழுது வடியும். இருட்டில் உற்றுப் பார்த்தால், அதே நேரத்தில் பக்கத்திலுள்ள இண்டிகேட்டர் பல்பின் இழையும் லேசாகச் சிவந்திருக்கும். இரவில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு இடது இண்டிகேட்டரைத் தட்டினால் இன்னும் வேடிக்கை. மஞ்சள் எரியும்போது டெயில் லைட் மங்கும், மஞ்சள் அணைந்தால் டெயில் லைட் தெளியும். இரண்டும் முறை வைத்துக்கொண்டு எரிவது மாதிரி இருக்கும்.

வண்டி 2004ஆம் வருடத்து டொயோட்டா டாஸ். டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் 2006 வரை செய்தார்கள். இந்த ஊரில் இன்னும் தெருவுக்கு ஒன்றாவது ஓடுகிறது, அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. சாட்ஸ்வர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனிடமிருந்து வாங்கினேன். அதற்கு முன் அவருடைய மகன் அமன்சிம்தோட்டியில் கடற்கரையை ஒட்டிய வீட்டில் பல வருடம் திறந்தவெளியில் நிறுத்தி வைத்திருந்தார். உப்புக்காற்று என்ன செய்யும் என்று சென்னையில் கடலோரம் குடியிருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவில் பழைய வண்டியைப் பெயர் மாற்ற, சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும். பெயர் மாற்ற 21 நாள்தான் கெடு. விளக்கு இந்த லட்சணத்தில் இருந்தால் சோதனை நிலையத்தில் பின்பக்கத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். காரணம் கண்டுபிடிக்க மட்டும் 1,200 ராண்ட், விளக்குக் கூடு மாற்றினால் அது தனி என்றார். சரி, முதலில் நாமே பார்ப்போம் என்று டிக்கியைத் திறந்தேன்.

ஒரு பக்கம் மட்டும் கெட்டிருக்கிறதே, அதுவே பாதி வேலையை முடித்துவிடுகிறது. இரண்டு பிரேக் லைட்டும் சேர்ந்து செத்திருந்தால் ஃப்யூஸையும் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சையும் பார்க்க வேண்டியிருக்கும். வலது பக்கம் ஒழுங்காக எரிகிறது என்றால் ஃப்யூஸும் சுவிட்சும் நன்றாக இருக்கின்றன, அந்தப் பக்கமே போக வேண்டாம். கோளாறு இடது மூலையில், கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

முதல் சந்தேகம் பல்பு. பிரேக்குக்கும் டெயிலுக்கும் சேர்த்து ஒரே பல்பு, உள்ளே இரண்டு இழை: 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் டெயிலுக்கு. இதன் அடியில் பக்கவாட்டில் நிற்கும் இரண்டு குமிழ்களும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று மேலே, ஒன்று கீழே. திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. ஆனால் யாராவது பலசாலி, ஒற்றை இழை பல்பை முறுக்கி உள்ளே தள்ளியிருந்தால், அடியிலுள்ள ஒரே ஈயப் பொட்டு ஹோல்டரின் இரண்டு தொடர்புகளையும் சேர்த்துத் தொட்டுவிடும். அப்போதும் இதே மாதிரி கூத்து நடக்கும். கழற்றிப் பார்த்தேன். சரியான பல்புதான், கண்ணாடி மட்டும் உள்ளே கொஞ்சம் கறுத்திருந்தது. 20 ராண்டுக்குப் புதிது ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு புதுப் பல்பை வலது பக்கத்துக்கும் போட்டேன், ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று.

அண்ணனுடைய தங்கை மகன் எல்.இ.டி பல்பு போடச் சொன்னான். எல்.இ.டி குறைந்த கரண்டில் எரிவதால் நோய் கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான். இண்டிகேட்டரிலும் அதையே போட்டால், அதை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃப்ளாஷருக்குச் சுமை போதாமல் படபடவென்று வேகமாக அடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் அதற்கு ஒரு ரெசிஸ்டர் தேட வேண்டும். அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், “எர்த் பாரு தம்பி, எர்த் பாரு” என்றார். அவர் சொன்னது சரி. எர்த் என்பது பல்பிலிருந்து கரண்ட் வண்டியின் இரும்பு பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஒரு விளக்கை எரித்தால் சம்பந்தமில்லாத இன்னொன்று சேர்ந்து எரிகிறது என்றால் பெரும்பாலும் எர்த்தான். திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட், பக்கத்துப் பல்பு வழியாகப் புகுந்து எங்காவது வெளியேறப் பார்க்கும்.

இங்கேதான் என் மீட்டர் வழியை மாற்றிவிட்டது. 180 ராண்ட் மல்டிமீட்டர். ‘பீப்’ அடிக்கும் இடத்தில் குமிழை வைத்து, ஒரு முனையை விளக்கின் எர்த் வயரிலும் மறுமுனையை வண்டியின் பாடியிலும் வைத்தேன். பீப் என்று கத்தியது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டி, டேஷ்போர்டு வரை வயரைத் தொடர்ந்து போய், பின்சீட்டைக் கழற்றி, ஓரத்து பிளாஸ்டிக் தட்டிகளைப் பிரித்து, அதில் இரண்டு கிளிப்புகளை உடைத்து, ஒரு சனிக்கிழமை பகல் முழுக்கப் போய்விட்டது. வயர் எங்கும் அறுந்திருக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், பீப் வைத்துப் பார்க்கும்போது மீட்டர் துளிக் கரண்டைத்தான் அனுப்புகிறது. என் மீட்டரில் ஒரு 30 ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பார்த்தேன், அதற்கும் மகிழ்ச்சியாகக் கத்துகிறது. எரிந்துகொண்டிருக்கும் 21 வாட் பல்பின் மொத்தத் தடையே 7 ஓம் அளவுதான், அது இழுக்கும் கரண்ட் ஒன்றே முக்கால் ஆம்பியர். வழியில் துரு நாலைந்து ஓம் வைத்தாலே பல்பின் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மீட்டருக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. எனவே விளக்கை எரியவிட்டு, கரண்ட் ஓடும்போது வோல்ட் பார்க்க வேண்டும். இது ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டுமே என்றால், துடைப்பக் கட்டை போதும். டிரைவர் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கட்டையின் ஒரு முனையைப் பெடலிலும் மறுமுனையை சீட்டின் முன் விளிம்பிலும் வைத்து, சீட்டை முன்னால் நகர்த்தினால் இறுகிக்கொள்ளும். என்ஜின் ஓடாமலிருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. மீட்டரை 20 வோல்ட் டி.சி.க்குத் திருப்பினேன்.

கறுப்பு முனையை டிக்கிப் பூட்டின் கொக்கியில் வைத்துக்கொண்டேன், அங்கே பெயின்ட் தேய்ந்து வெறும் இரும்பு தெரிகிறது. சிவப்பு முனையை ஹோல்டருக்கு வரும் பிரேக் வயரில் வைத்தால் 12.1. பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட வயர் அது. இந்தப் பக்கம் குறையில்லை. அடுத்து சிவப்பு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டில் வைத்தேன். வெள்ளையில் கறுப்புக் கோடு, டொயோட்டாவில் எர்த்துக்கு வழக்கமாக வரும் நிறம். அங்கே பூச்சியம், மிஞ்சிப்போனால் 0.1 வர வேண்டும். வந்தது 2.9. அப்படியானால் பல்புக்குக் கிடைப்பது 9.2 வோல்ட்தான். கால்வாசி வோல்ட்தானே குறைந்திருக்கிறது என்று நினைக்கக் கூடாது. இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் அதைவிட வேகமாக இறங்கும். 9.2இல் பாதி வெளிச்சம்கூட வராது.

அப்புறம் சிவப்பு முனையைப் படிப்படியாக நகர்த்திக்கொண்டே போனேன். ஹோல்டரின் தகட்டில் 2.9. பிளக்கின் எர்த் பின்னில் 1.9. வயரின் மறுமுனையில், பாடியில் முடுக்கிய வளையத்திலும் 1.9. அந்த போல்ட்டுக்குப் பக்கத்தில் பாடி இரும்பைச் சுரண்டி வைத்தால் 0.0. எண் எங்கே குதிக்கிறதோ அங்கே நோய். இரண்டு இடத்தில் குதித்தது: வளையத்துக்கும் பாடிக்கும் நடுவில் 1.9, ஹோல்டருக்கு உள்ளே 1.0.

பெரியதை முதலில் எடுத்தேன். இடது மூலையில் தட்டிக்குப் பின்னால், 10 எம்.எம் தலை போல்ட். ஸ்பேனர் வைத்ததும் கிரீச்சென்று ஒரு சத்தம். துரு இளக்கும் டபிள்யூ.டி 40 அடித்து, டீ குடித்துவிட்டு வந்து, முன்னும் பின்னும் கால் திருப்பு கால் திருப்பாக அசைத்து எடுத்தேன். அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருகினால் தலை கையோடு வந்துவிடும். போல்ட் வெளியே வந்ததும் வளையம் இரண்டாகப் பிய்ந்தது. பாதி செம்பு, மீதி பச்சைக் களிம்பு. அடியில் பாடி, பெயின்ட் உப்பி, கைவிரல் நகத்தால் சுரண்டினாலே செதில் செதிலாக உதிர்ந்தது.

80ஆம் நம்பர் உப்புத்தாளால் ஒரு நாணய அளவுக்குத் தேய்த்து வெள்ளி நிறம் வர வைத்தேன், பிறகு 240ஆல் ஒரு தடவை. வயரின் நுனி கறுத்திருந்தது. செம்பு இழைகள் பளபளப்பாகத் தெரியும் வரை மூன்று சென்டிமீட்டர் வெட்டி எறிய வேண்டியிருந்தது. நல்லவேளை, வயரில் இழுத்துக்கொள்ள இடம் இருந்தது. புது வளையத்தைக் கிரிம்பிங் கொறடால் அழுத்தி, வளையத்துக்கும் பாடிக்கும் நடுவில் பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கினேன். அந்தப் பற்கள் இரும்பில் கடித்து உட்காரும். முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின். முடுக்குவதற்கு முன்னால் வாஸ்லினை அள்ளிப் பூசுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒரு குறிப்பு: திறந்தவெளியில் வேலை செய்தால் சின்னச் சாமான்களை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். எங்கள் பகுதியில் குரங்குத் தொல்லை அதிகம். மதிலில் உட்கார்ந்திருந்த ஒன்று, விளக்கின் சிவப்பு மூடியைத் தூக்கிக்கொண்டு அவகாடோ மரத்தில் ஏறிவிட்டது. தின்ன முடியாது என்று தெரிந்ததும் கீழே போட்டது, புல்லில் விழுந்ததால் பிழைத்தது. சிவப்பு மூடியில் விரிசல் விட்டு வெள்ளை வெளிச்சம் பின்னால் கசிந்தால் அதற்கும் சோதனையில் தோல்விதான்.

இனி ஹோல்டர். போல்ட் வேலை முடிந்து திரும்ப அளந்தபோது 2.9 என்பது 1.0 ஆகியிருந்தது. விளக்கு நன்றாகவே எரிந்தது. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு வோல்ட் ஹோல்டருக்குள் சூடாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் ஏற்கெனவே காபி நிறத்துக்கு வந்திருந்தது.

பல்பு உட்காரும் பித்தளைக் குழாயின் உட்புறம் முழுக்கக் களிம்பு. 110 ராண்ட் கொடுத்து வாங்கிய கான்டாக்ட் கிளீனர் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தது, களிம்பை அசைக்கவே இல்லை. வீட்டில் புளி இருந்தது. குத்துவிளக்குக்கு ஆகும் என்றால் இதற்கு ஆகாதா? நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் உள்ளே தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் மஞ்சள் தெரிந்தது. ஆனால் குத்துவிளக்கில் புளி கொஞ்சம் தங்கினால் பரவாயில்லை, இதில் தங்கினால் மறுபடி அரிக்கும். வெந்நீரில் நாலைந்து தடவை அலசி, ஹேர் டிரையரால் காய வைத்து, அதன் பிறகு கான்டாக்ட் கிளீனரை அடித்தேன். அந்த டப்பாவுக்கு அப்படி ஒரு வேலை கிடைத்தது.

அளந்தால் இன்னும் 0.7. பிரஷ் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. பித்தளைக் குழாயையும் எர்த் தகட்டையும் சேர்க்கும் ரிவெட். பல்பைப் பிடித்து லேசாக ஆட்டினால் எண் 0.3க்கும் 0.9க்கும் இடையில் தாவியது. ரிவெட் தளர்ந்திருக்கிறது. அடியில் ஒரு போல்ட்டை முட்டுக் கொடுத்து, மேலே பஞ்ச் வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். எண் 0.1க்கு வந்தது. ஹிகின்சன் ஹைவே வரை ஓட்டிவிட்டு வந்து அளந்தால் பழையபடி 0.6. தட்டிய ரிவெட் நிற்காது.

கடைசியில் ரிவெட்டை நம்புவதையே விட்டுவிட்டு, அதைத் தாண்டி ஒரு பாலம் போட்டேன். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர், நாலு சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை பித்தளைக் குழாயின் வெளிப்புறத்தில், மறுமுனை எர்த் தகட்டில், இரண்டும் ஈயம் வைத்துப் பற்றவைத்தது. 25 வாட் அயர்ன் உதவாது. பித்தளை சூட்டை உறிஞ்சிக்கொண்டு ஈயத்தை உருண்டை உருண்டையாகத் தள்ளிவிடும், நாம் அங்கேயே வைத்துக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் இளகும். 60 வாட் அயர்னை நன்றாகச் சூடேற்றி, இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈயம் ஒட்டுவதற்கான ஃப்ளக்ஸ் தடவி, மூன்று நான்கு வினாடியில் வைத்து எடுத்துவிட வேண்டும். சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டேன். பல்பை மாட்டி அளந்தேன்: 0.07. ஆட்டினாலும் 0.07. இண்டிகேட்டர் இழையின் லேசான சிவப்பும் காணோம், டெயில் லைட்டின் துடிப்பும் போச்சு.

இத்தனை களிம்புக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் மூடினால் அடுத்த வருடம் இதே கதை. ஸ்டெப்னி வைக்கும் குழியின் இடது ஓரத்தில் காய்ந்த சேற்றுக் கோடு இருந்தது. விளக்குக் கூட்டுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ஸ்பான்ஞ், தொட்டால் பொடியாகும் அளவுக்குக் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஹார்டுவேர் கடையில் 60 ராண்டுக்கு 10 எம்.எம் கனமுள்ள ஸ்பான்ஞ் டேப் வாங்கி ஒட்டினேன். கனமாக இருந்தால் நன்றாக அடைக்கும் என்பது கணக்கு. உள்ளே குழி முழுக்க டால்கம் பவுடர் தூவி, வெளியே ஹோஸ் பைப்பில் பத்து நிமிடம் தண்ணீர் விட்டேன். பவுடரில் ஈரக்கோடு ஒன்று கீழ் மூலையிலிருந்து ஸ்டெப்னி குழி வரை வளைந்து இறங்கியிருந்தது. டேப்பின் கனத்தால் மேல்பக்கம் முட்டிக்கொண்டு நிற்க, கீழ் மூலை பாடியோடு சேரவே இல்லை. நட்டுகளை இன்னும் முடுக்கினால் கூட்டின் பிளாஸ்டிக் காது உடையும்.

அதைப் பிய்த்தெறிந்துவிட்டு, பியூட்டைல் சீலன்ட் கயிறு 95 ராண்டுக்கு வாங்கினேன். கறுப்பாக, சப்பாத்தி மாவு பதத்தில் இருக்கும். சுற்றிலும் ஒரே நீளமாக வைத்து, இணைப்பு வரும் இடத்தைக் கீழே வைக்காமல் மேலே வைத்தேன். நட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் சுற்றிலும் சமமாகப் பிதுங்கும். மறுபடி பவுடர், மறுபடி ஹோஸ். பவுடர் அப்படியே கிடந்தது. சிலிகான் போடலாமே என்று கேட்பீர்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகானை விளக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும், செம்பை அரிக்கும். அதோடு, அடுத்த தடவை கூட்டைக் கழற்ற வேண்டுமென்றால் கத்தி போட்டு அறுக்க வேண்டும்.

செலவு: மீட்டர் 180, கான்டாக்ட் கிளீனர் 110, பியூட்டைல் 95, வீணாய்ப்போன டேப் 60, பல்பு இரண்டும் 40, வளையமும் வாஷரும் 35. மொத்தம் 520 ராண்ட். மீட்டர் இனிமேலும் உழைக்கும். உடைந்த இரண்டு கிளிப்புக்குக் காயலான் கடையில் காசு வாங்கவில்லை, அங்கே கிடந்த ஒரு டாஸிலிருந்து நானே பிடுங்கிக்கொண்டேன். அந்த வண்டியின் இடது ஹோல்டரையும் எடுத்துப் பார்த்தேன். அதே ரிவெட், அதே காபி நிறம். எனவே ஹோல்டரைக் காயலான் கடையில் வாங்கி மாற்றுவது வீண்.

அடுத்த தடவை மீட்டருக்கு முன்னால் டெஸ்ட் லேம்ப்பைத்தான் எடுப்பேன். கழற்றிப் போட்ட பழைய 21 வாட் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்து நுனியில் முதலைக் கிளிப் மாட்டிவிட்டேன், காசு செலவில்லை. ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலிருந்து இழுத்த வயரிலும் மறுமுனையை சந்தேகப்படும் எர்த்திலும் வைத்தால், எர்த் நல்லதாக இருந்தால் முழுசாக எரியும், இல்லையென்றால் மங்கும். பீப் மாதிரி ஏமாற்றாது, ஏனென்றால் அதுவே ஒன்றே முக்கால் ஆம்பியரை இழுத்துப் பார்த்துவிடுகிறது. பாசிட்டிவ் வயரில் ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுக்கொள்ளுங்கள், கிளிப் எங்காவது உரசினால் வயர் புகையும்.

ரோட்வொர்த்தியில் விளக்குகளைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கைப்பிரேக் கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள், அதுவும் முடிந்து வண்டி என் பெயருக்கு மாறிவிட்டது.

வலது பக்கத்தையும் அளந்து வைத்திருக்கிறேன்: ஹோல்டரில் 0.4, அதில் 0.3 போல்ட்டில். இப்போதைக்கு நன்றாகத்தான் எரிகிறது. அக்டோபரில் மழை பிடிப்பதற்குள் அதையும் கழற்றிவிட வேண்டும், பியூட்டைல் கயிறு பாதிக்கு மேல் மீதமிருக்கிறது.